தொண்ணூறு டிக்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய ஓர் அரசுப் பள்ளியில் நான் உடற்கல்வி ஆசிரியை. பிள்ளைகளுக்கு பி.டி. மிஸ். பதினெட்டு வருஷமாக அதே பள்ளி, அதே விசில், அதே மைதானம். மைதானம் என்று சொல்வது பழக்கதோஷம்தான். காம்பவுண்டு சுவர் ஒரு பக்கம் இடிந்த நாளிலிருந்து, கம்பெனிகளுக்கு லோடு கொண்டுவரும் லாரிகள் உள்ளே வந்து ஓரங்கட்டும். டிரைவர்கள் ஸ்டவ் மூட்டிச் சோறு வடிப்பார்கள். நானூறு மீட்டர் டிராக்கில் முந்நூறு மீட்டர்தான் எங்களுடையது. மிச்சத்தை லாரிகளைச் சுற்றிக்கொண்டு ஓடவேண்டும். எங்கள் பிள்ளைகள் வெளியூர்ப் போட்டிகளில் வளைவில் மட்டும் பிரமாதமாக ஓடுவார்கள். காரணம் இதுதான்.

விசில் மட்டும் வைத்திருந்த காலம் மலையேறிவிட்டது. பிள்ளைகளின் உடம்பு சம்பந்தப்பட்டது எதுவானாலும் பி.டி. மிஸ் தலையில் வந்து விழும். உயரம் எடைக்கு ஒரு பதிவேடு, குடற்புழு மாத்திரைக்கு ஒன்று, பெண்பிள்ளைகளுக்கு வாராவாரம் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரைக்கு ஒன்று, கைகழுவும் பழக்கத்துக்கு ஒன்று. கைகழுவும் நாள் ஒன்றில் குழாயில் தண்ணீர் வரவில்லை. பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து, வெறும் குழாய்க்கு அடியில் கையை நீட்டச் சொல்லி போட்டோ எடுத்து அனுப்பினேன். மிகவும் அருமை என்று பதில் வந்தது. ஆரம்பத்தில் இதற்கெல்லாம் கோபம் பொத்துக்கொண்டு வரும், ஸ்டாஃப் ரூமில் கத்துவேன். பிறகு கோபம் நின்றுபோனது. எந்த வருஷம் நின்றது என்று ஞாபகமில்லை. அது நின்றபோது கூடவே வேறு சிலதும் நின்றிருக்க வேண்டும். நான் கவனிக்கவில்லை.

பதிவேடு எழுதுவதில் எனக்கென்று ஒரு முறை இருந்தது. மாதத்தின் முதல் நாளே எல்லாப் பெயருக்கும் எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டு முடித்துவிடுவேன். பள்ளிக்கு வராத பிள்ளைகளுக்கு மட்டும் பிறகு திருத்திக்கொள்வது. ஆய்வுக்கு யார் எந்த நேரத்தில் வந்தாலும் பதிவேடு பளிச்சென்று இருக்கும். புதிதாகச் சேர்ந்த இரண்டு ஆசிரியைகளுக்கு இந்த முறையைச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். அதில் தப்பு இருப்பதாக எங்கள் யாருக்கும் தோன்றியதில்லை. மாத்திரை வருகிறது, கொடுக்கிறோம், பிள்ளைகள் வாயில் போடுகிறார்கள், டிக் போடுகிறோம். இதில் எது முதலில் நடந்தால் என்ன?

அந்தப் பெண் ஒன்பதாம் வகுப்பு. அவளை நான் கண்டுபிடித்தேன் என்று சொன்னால் பொய். அவள் தினமும் பள்ளிக்குத் தாமதமாக வருவாள், தினமும் ஓடி வருவாள். அவள் அம்மா ஒரு கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி, முதல் ஷிப்ட். விடிவதற்கு முன்னால் கம்பெனி பஸ் வந்துவிடும். அதற்குப் பிறகு தெருக்குழாயில் தண்ணீர் பிடித்து, மூன்றாம் வகுப்பு படிக்கும் தம்பியை எழுப்பிக் குளிப்பாட்டி, அந்தக் கோடியில் இருக்கும் தொடக்கப்பள்ளியில் விட்டுவிட்டு, இந்தக் கோடிக்கு ஓடி வரவேண்டும். ஒருநாள் பிரேயருக்கு மணி அடித்த பிறகு கேட்டில் நுழைந்தவளைப் பிடித்து, தண்டனையாக மூன்று சுற்று ஓடச் சொன்னேன். ஓடிவிட்டு வந்து நின்றாள். மற்ற பிள்ளைகளுக்கு வாங்குவதுபோல அவளுக்கு மூச்சு வாங்கவில்லை. மறுநாள் கையில் ஸ்டாப் வாட்ச்சோடு நின்றேன்.

எண்ணூறு மீட்டர், ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் இரண்டுக்கும் அவளைத் தயார் செய்தேன். பள்ளி விட்டதும் பயிற்சி. சத்துணவு முட்டையைத் தவறாமல் சாப்பிடு, வேர்க்கடலை சாப்பிடு, பச்சைப்பயறு முளைகட்டிச் சாப்பிடு, தண்ணீர் நிறையக் குடி என்று எல்லா பி.டி. ஆசிரியர்களும் சொல்வதை நானும் சொன்னேன். என் அறைச் சுவரில் சரிவிகித உணவு பற்றி ஒரு படம் இருக்கிறது. ஆப்பிள், திராட்சை, மீன், ஒரு கண்ணாடித் தம்ளர் பால். அதைக் காட்டித்தான் சொன்னேன். காலையில் என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டதற்கு, டீயும் பன்னும் என்றாள். தம்பிக்குத் தொடக்கப்பள்ளியிலேயே காலை உணவு போட்டுவிடுகிறார்கள், அதனால் அவனைப் பற்றிக் கவலையில்லை என்று பெரிய மனுஷி மாதிரி சொன்னாள். காலை உணவு ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். ஆறாம் வகுப்புக்குப் போனால் காலையில் பசிக்காது போலிருக்கிறது. தண்ணீர் குடிப்பதைப் பற்றிச் சொன்னபோது அவள் கழிப்பறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பெண்பிள்ளைகளின் கழிப்பறை இருந்த லட்சணத்தில் யாரும் பள்ளியில் தண்ணீர் குடிப்பதில்லை என்பது எனக்கும் தெரியும். நானே மாலை வீட்டுக்கு வந்துதான் குடிப்பேன்.

பக்கத்துப் பள்ளிகளுக்கிடையே நடக்கும் குறுவட்டப் போட்டிகளுக்கு முன்னால் நடமாடும் மருத்துவக் குழு பள்ளிக்கு வந்தது. விரல் நுனியில் குத்தி ரத்தம் பார்த்தார்கள். அவளுக்கு ஹீமோகுளோபின் எட்டு. பன்னிரண்டு இருக்கவேண்டிய இடத்தில் எட்டு. இந்த ரத்தத்தை வைத்துக்கொண்டு இவள் ஓடுகிறாளா என்று டாக்டர் என்னைத்தான் கேட்டார். பிறகு மூன்று மாதத்துக்குத் தினமும் ஓர் இரும்புச்சத்து மாத்திரை என்று எழுதினார். அம்மா வீட்டில் இருக்கமாட்டார் என்பதால் பள்ளியிலேயே, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, என் கண்முன்னால் விழுங்கவேண்டும். லீவு நாட்களில் மட்டும் வீட்டில். அதற்கென்று ஓர் அட்டை கொடுத்தார். தொண்ணூறு கட்டங்கள். மூன்று மாதம் கழித்து ரத்தத்தை மறுபடி பார்ப்பேன், அட்டையைக் கொண்டுவாருங்கள் என்றார்.

முதல் வாரம் ஒழுங்காகத்தான் கொடுத்தேன். மதிய வெயிலில் விழுங்கிய மாத்திரை மாலை பயிற்சியின்போது அவள் வயிற்றைப் புரட்டியது. நாலாவது நாள் லாரி டயருக்குப் பக்கத்தில் குனிந்து வாந்தி எடுத்தாள். அடுத்த நாளும் எடுத்தாள். அதற்கடுத்த நாள் மாத்திரையைக் கையில் வாங்கிக்கொண்டு தயங்கி நின்றாள்.

“மிஸ், இத்த போட்டா ஓட சொல்லோ கொமட்டினே கீது மிஸ்.”

குறுவட்டப் போட்டிக்கு ஐந்து நாள்தான் இருந்தது.

“இந்த வாரம் வாணாம். போட்டி முடியட்டும், அப்பறம் போட்டுக்கலாம்” என்றேன்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. மாத்திரையை என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். நான் அதை மேசை டிராயரில் போட்டேன். அட்டையில் அந்த மாதத்துக்கான டிக் எல்லாவற்றையும் ஏற்கெனவே போட்டு வைத்திருந்தேன்.

குறுவட்டத்தில் இரண்டிலும் அவள்தான் முதல். அது நடந்து பத்தே நாளில் கல்வி மாவட்டப் போட்டி. அதிலும் ஜெயித்தாள். பிறகு திருவள்ளூரில் வருவாய் மாவட்டப் போட்டி. எல்லா வாரமும் போட்டி வாரமாகவே இருந்தது. நடுவில் எனக்கு ஒரு வாரம் பயிற்சி வகுப்பு, பிறகு தேர்தல் வேலை சம்பந்தமாக வீடு வீடாக அலைச்சல். அவளாகக் கேட்ட ஐந்தாறு நாட்களில் மாத்திரை கொடுத்தேன். ஸ்டாஃப் ரூமில் எல்லாரும் அவளை உன் பொண்ணு, உன் பொண்ணு என்றுதான் சொல்வார்கள். தலைமை ஆசிரியர் பிரேயரில் கைதட்டச் சொன்னார். விளையாட்டு விடுதித் தேர்வுக்கு அவள் பெயரை அனுப்பினோம். அங்கே சேர்ந்துவிட்டால் சாப்பாடு, படிப்பு, ஷூ எல்லாம் அவர்கள் பொறுப்பு. காலையில் முட்டையும் பாலும் உண்டு என்று சொன்னபோது, தம்பியை யார் மிஸ் ஸ்கூல்ல உடுவாங்க என்று கேட்டாள். அதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

திருவள்ளூரில் அவள் நாலாவதாக வந்தாள். கடைசி நூறு மீட்டரில் அவள் கால் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தரையில் விழுந்ததைப் பார்த்தேன். ஓடி முடித்ததும் உட்கார்ந்துவிட்டாள், எழுந்திருக்க நேரமாயிற்று. எனக்கு அவள்மேல் எரிச்சல் வந்தது. பஸ்ஸில் வரும்போது வாய்க்கு வந்தபடி திட்டினேன். கவனம் இல்லை, ஜெயித்த திமிர், போனை நோண்டிக்கொண்டு தூங்காமல் இருந்திருப்பாய் என்று வரிசையாகச் சொன்னேன். அவளிடம் போன் கிடையாது. அவள் வீட்டில் இருந்த ஒரே போன் அம்மாவோடு கம்பெனிக்குப் போய்விடும். இது எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் சொன்னேன்.

அதற்குப் பிறகு பயிற்சியைக் கூட்டினேன். அவள் நேரம் வாரத்துக்கு வாரம் மோசமாயிற்று. மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்று சுவரைப் பிடித்துக்கொள்வதாக வகுப்பு டீச்சர் சொன்னார். ஒருநாள் அவள் வாய் அசைந்துகொண்டே இருந்ததைப் பார்த்துப் பையைத் திறக்கச் சொன்னேன். ஜாமெட்ரி பாக்ஸ் நிறையப் பச்சரிசி. சாப்பிடாமல் இருக்கமுடியவில்லை மிஸ், ஊட்ல கூட தின்னுகினே இருக்கேன், அம்மா அடிக்குது என்றாள். அரிசி தின்றால் ரத்தம் சுண்டிப்போகும் என்று நான் பாக்ஸைப் பிடுங்கிக் குப்பையில் கொட்டினேன். ரத்தம் சுண்டிப்போனதால்தான் அரிசி தின்னத் தோன்றுகிறது என்பதை நான் கல்லூரியில் பாடமாகவே படித்திருக்கிறேன். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்.

மூன்று மாதம் முடிந்து மருத்துவக் குழு வந்தது. முந்தின மாலையே அட்டையை எடுத்துப் பார்த்தேன். தொண்ணூறு கட்டத்திலும் டிக் இருந்தது. விரலில் குத்தினார்கள். ஏழரை.

டாக்டர் அட்டையை வாங்கி முன்னும் பின்னும் திருப்பினார். இந்த வட்டாரத்தில் இவ்வளவு ஒழுங்கான ஓர் அட்டையை நான் பார்த்ததில்லை என்று மனதாரப் பாராட்டினார். பக்கத்திலிருந்த நர்ஸிடமும் காட்டினார். பிறகு முகம் மாறி, அவளைப் பார்த்துக் கேட்டார்.

“டெய்லி போட்டியாம்மா?”

அவள் என்னைப் பார்த்தாள். நான் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“போட்டேன் சார்” என்றாள்.

இத்தனை மாத்திரை உள்ளே போயும் ரத்தம் ஏறவில்லை, இறங்கியிருக்கிறது என்றால் இது சாதாரணச் சத்துக்குறைவு இல்லை என்றார் டாக்டர். வயிற்றுக்குள் எங்காவது ரத்தம் கசியலாம், குடல் சத்தை எடுத்துக்கொள்ளாமல் இருக்கலாம், வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். சென்னைக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அவர் பேனாவை மூடும் வரை எனக்கு நேரம் இருந்தது. வாயைத் திறந்து இரண்டு வார்த்தை சொன்னால் போதும். நெஞ்சு படபடக்கவில்லை, கை நடுங்கவில்லை. எதுவும் வரவில்லை. அவர் எழுதி முடித்ததும் அந்தத் தாளை வாங்கி மடித்து அவளிடம் கொடுத்து, அம்மாவிடம் காட்டு என்றேன்.

ஏன் சொல்லவில்லை என்று என்னை நானே பலமுறை கேட்டிருக்கிறேன். பயம் என்று சொன்னால் கொஞ்சம் மரியாதையாக இருக்கும். ஆனால் பயந்த மாதிரி ஞாபகமில்லை. இன்னொரு பதிவேட்டை மூடியது மாதிரிதான் இருந்தது. மத்தியானம் ஏழாம் வகுப்புக்கு கோகோ விளையாட்டு நடத்தினேன்.

அவள் அம்மா லீவு போட்டுவிட்டுச் சென்னைக்கு மூன்று முறை போய்வந்தார். ஒப்பந்த வேலையில் லீவு என்றால் லைனில் வேறு ஆளை நிறுத்திவிடுவார்கள். மூன்றாவது முறை போய்வந்தபோது அவருக்கு வேறு லைன் கொடுத்திருந்தார்கள், நின்றுகொண்டே செய்யும் வேலை. ஒவ்வொரு முறையும் அவளிடமிருந்து ரத்தம் எடுத்தார்கள். இருக்கிறதே கொஞ்சம், அதையும் எடுத்துக்கினே இருக்காங்க மிஸ் என்று என்னிடம் போனில் சொன்னார். உடம்பில் இரும்பு அறவே இல்லை என்பது முடிவுகளில் தெரிந்துவிட்டது. உள்ளே போன இரும்பு எங்கே போகிறது என்பதுதான் அவர்களுக்கு விளங்கவில்லை. அதற்கிடையில் விளையாட்டு விடுதித் தேர்வு வந்தது, அவள் இல்லாமலே போனது. கடைசியில் வாய் வழியாகக் குழாய் விட்டு வயிற்றைப் பார்த்து, குடலிலிருந்து துணுக்கு எடுத்துச் சோதிக்க ஒரு நாள் குறித்தார்கள்.

அதற்கு முந்தின நாள் அந்த அம்மா பள்ளிக்கே வந்தார். கம்பெனி யூனிஃபார்மோடு, ஷிப்ட் முடிந்து நேராக. கழிப்பறைக்குப் பக்கத்தில் இருக்கும் வேப்பமரத்தடியில் நின்று பேசினோம். பிள்ளை மூன்று நாளாகத் தூங்கவில்லை என்றார். தொண்டைக்குள் குழாய் போவதைப் பற்றி யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். கேன்சரா என்று கேட்டாளாம்.

“நீங்க கூட வந்தா கொயந்த தைரியமா இருக்கும் மிஸ். நாங்க ரெண்டு பேரும் அங்க போயி பேந்த பேந்த முழிச்சிகினு நிக்கறோம். அவங்க சொல்றது ஒண்ணுகூட புரிய மாட்டேங்குது” என்றார்.

வருகிறேன் என்றேன்.

நான் என் வீடு இருக்கும் சோழவரத்திலிருந்து பஸ்ஸில் போனேன். அவர்கள் முதல் ரயிலைப் பிடித்து எனக்கு முன்னால் வந்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும் எதிர்க்கடையில் நாலு இட்லியும் வடையும் சாப்பிட்டேன். நன்றாகவே சாப்பிட்டேன். உள்ளே போனபோதுதான், அவளை முந்தின ராத்திரியிலிருந்து வெறும் வயிற்றோடு இருக்கச் சொல்லியிருந்தது ஞாபகம் வந்தது. வரிசையில் பதினோராவது ஆளாக உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூட ட்ராக் பேன்ட் போட்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று குட்மார்னிங் சொன்னாள். உட்காரச் சொன்னேன். அவள் உள்ளங்கையைத் தொட்டேன், ஜில்லென்று இருந்தது.

ஒன்பது மணிக்கு நர்ஸ் ஒரு படிவத்தைக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்துக் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவாங்க என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த அம்மா அதை அப்படியே என்னிடம் நீட்டினார்.

“இன்னா எழுதிக்குதுன்னு நீங்க படிங்க மிஸ். நீங்க படிச்சிட்டு சரின்னா போட்டுடறேன்.”

படித்தேன். மயக்க மருந்தில் ஏற்படக்கூடியவை, குழாயினால் ஏற்படக்கூடியவை, மிக அரிதாக ஏற்படக்கூடியவை. எல்லாம் விளக்கப்பட்டன, புரிந்துகொண்டேன், சம்மதிக்கிறேன். அதற்குக் கீழே ஒரு சின்னக் கட்டம். படித்து அறிந்தேன் என்பதற்கு அதில் ஒரு டிக் போடவேண்டும். பேனா என் கையில் இருந்தது. வேறு யாராவது கேட்டிருந்தால் போட்டிருப்பேன். அந்த அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். படிக்கத் தெரியாதவர் இல்லை அவர். பத்தாவது வரை படித்தவர். என்மேல் இருந்த நம்பிக்கையில்தான் அவர் அதைப் படிக்காமல் வைத்திருந்தார்.

“கையெழுத்து போடாதீங்க” என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. நான் சொன்னேன். வாந்தி எடுத்ததை, போட்டி முடியட்டும் என்று நான் சொன்னதை, டிராயரில் கிடக்கும் மாத்திரைகளை, டிக் எல்லாவற்றையும் முன்னாலேயே போட்டுவைத்ததை, டாக்டர் கேட்டபோது வாயை மூடிக்கொண்டு நின்றதை. வருகைப் பதிவு வாசிப்பது மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னேன். என் குரல் எனக்கே தூரத்தில் கேட்டது. நான் முடித்ததும் அந்த அம்மா என்னை விட்டுவிட்டு மகள் பக்கம் திரும்பினார்.

“நீ ஏன்டி சொல்லல?”

அவள் ட்ராக் பேன்ட்டின் நாடாவை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“மிஸ்ஸுக்கு வேல பூடும்ல” என்றாள்.

பதினாலு வயசுப் பெண். வயிற்றுக்குள் கேன்சர் என்று பயந்துகொண்டு, தொண்டைக்குள் குழாய் போகும் என்று மூன்று ராத்திரி தூங்காமல் கிடந்துவிட்டு, என் வேலையைக் காப்பாற்றப் பட்டினியாக வந்து உட்கார்ந்திருந்தாள். மாத்திரை ஒழுங்காக உள்ளே போகவில்லை என்று அவளுக்குத்தானே நன்றாகத் தெரியும், பிறகு ஏன் கேன்சர் என்று பயந்தாள் என்று பிறகு ஒருமுறை கேட்டேன். டாக்டருங்க அவ்ளோ உறுதியா சொல்ல சொல்லோ, ஒருவேளை நெஜமா இருக்குமோன்னு தோணுச்சு மிஸ் என்றாள். அன்றைக்கு அந்த பெஞ்சில் எனக்கு வெட்கமாக இருந்தது. ரொம்ப நாளுக்குப் பிறகு எனக்கு வந்த ஒன்று அதுதான். அதுவும் நாலு இட்லி தின்ற வயிற்றில் வந்தது.

உள்ளே போய் டாக்டரிடமும் சொன்னேன். அவர் ஒரு சின்ன வயசுப் பெண். அவருக்கு முன்னால் இன்னும் நாற்பது பேர் காத்திருந்தார்கள். நான் சொன்னதைக் கேட்டு அவர் கோபப்படவில்லை. அட்டையைக் கேட்டார். அம்மாவின் பையில் எல்லாத் தாள்களோடும் அது இருந்தது. ஒரு சிவப்புப் பேனாவை என் பக்கம் தள்ளினார்.

“இதுல எது எது உண்மையிலேயே குடுத்தீங்களோ, அதை மட்டும் வட்டம் போடுங்க.”

பேனாவை எடுத்தேன். முதல் மூன்றைச் சுற்றினேன். அதற்குமேல் ஒன்றும் தெரியவில்லை. தொண்ணூறும் ஒரே மாதிரி இருந்தன, ஒரே பேனா, ஒரே சாய்வு. பக்கத்தில் நின்ற அவள் குனிந்து விரலை வைத்தாள்.

இது போட்டேன் மிஸ், வாந்தி எடுத்த நாளு. இது போடல, குறுவட்டத்துக்கு முன்ன நாளு. இது நீங்க டிரெயினிங் போனது. இது போட்டேன், நானா வந்து கேட்டது. இது திருவள்ளூர். லீவு நாட்களின் மேல் விரல் போனபோது, வீட்டுக்குக் கொடுத்த மாத்திரைகளையும் நீங்க சொல்ற வரைக்கும் போட வாணாம்னு எடுத்து வெச்சிட்டேன் என்றாள். எல்லாம் அவளுக்கு ஞாபகம் இருந்தது. அவள் விரல் வைத்த இடத்தில் நான் வட்டம் போட்டுக்கொண்டே வந்தேன். அவள் அம்மா எங்கள் இருவருக்கும் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் டாக்டர் எண்ணினார். பதினொன்று.

குழாய் வேண்டாம் என்றார் டாக்டர். மறுபடி மூன்று மாதம் மாத்திரை. சாப்பிட்ட பிறகு போடவேண்டும், போட்டபின் ஒரு மணி நேரத்துக்கு டீ கூடாது, கொய்யாவோ எலுமிச்சையோ சேர்த்துக்கொண்டால் நல்லது, குமட்டினால் நிறுத்தாமல் வந்து சொல்லவேண்டும், வேறு மருந்து இருக்கிறது. ரத்தம் பத்தைத் தாண்டும் வரை ஓடக்கூடாது. எல்லாவற்றையும் அவர் அந்த அம்மாவைப் பார்த்துச் சொன்னார். என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். உங்கள் பள்ளியில் இப்படி இன்னும் எத்தனை அட்டை இருக்கிறது என்று. வாராவாரம் கொடுக்கும் மாத்திரைக்கு இருநூற்றுச் சொச்சம் பிள்ளைகள் என்றேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வெளியே மரத்தடி மேடையில் உட்கார்ந்தோம். அந்த அம்மா பையிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்தார். புளிச்சோறும் இரண்டு அவித்த முட்டையும். குழாய் விட்டு முடித்த பிறகு கொடுப்பதற்காக விடியற்காலையில் எழுந்து செய்தது. அவள் தலை நிமிராமல் சாப்பிட்டாள். முட்டையை உரிக்கக்கூடப் பொறுமையில்லை, ஓட்டோடு கடிக்கப் போனாள். அம்மாதான் பிடுங்கி உரித்துக் கொடுத்தார். நீங்க சாப்ட்டீங்களா மிஸ் என்று அவர் என்னைக் கேட்கவில்லை. அது சரிதான் என்று எனக்கும் பட்டது.

சாப்பிட்டு முடித்ததும், மருந்துக் கவுன்டரில் வாங்கிய மாத்திரைப் பட்டையிலிருந்து ஒன்றைப் பிதுக்கி அவள் நாக்கில் வைத்தார். தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். அவள் விழுங்கினாள். மகளின் தாடையைப் பிடித்து நிமிர்த்தி வாயைத் திறக்கச் சொன்னார். நாக்கைத் தூக்கு என்றார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று கன்னத்துக்குள் பார்த்தார். பிறகு தாடையை விடாமலே அவள் முகத்தை என் பக்கம் திருப்பினார்.

“நீங்களும் ஒரு வாட்டி பாத்துக்கங்க மிஸ்” என்றார்.

குத்திக் காட்டுகிற குரல் இல்லை அது. நாளைக்கு அவர் ஷிப்டுக்குப் போயாக வேண்டும். மதியம் இவள் முன்னால் நிற்கப்போவது மறுபடியும் நான்தான், வேறு ஆள் இல்லை.

குனிந்து பார்த்தேன். மாத்திரை போயிருந்தது. நாக்கு, ஈறு, உதட்டின் உள்பக்கம் எல்லாம் சுண்ணாம்பு பூசினது மாதிரி வெளுத்திருந்தன. அவ்வளவு வெளுப்பைப் பார்க்க ரத்தமும் எடுக்க வேண்டாம், சென்னைக்கும் வர வேண்டாம், ஒருநாள் வாயைத் திற என்று சொல்லியிருந்தால் போதும்.